நுவரெலியாக் குளிரில் ஒரே சட்டிக் கோழி

கண்டியில் பிறந்து வளர்ந்து, நுவரெலியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு தங்கச்சியின் கேள்வி இது. மார்கழி, தை மாதக் குளிரில் வேலை முடிந்து வந்து, ஏழு பேருக்கு ஒரே சட்டியில் கோழி, கிழங்கு, மரக்கறி எல்லாம் போட்டு இரவுச் சாப்பாடு செய்கிறார். அம்மா கண்டியில் செய்யும் அதே முறைதான். ஆனால் இங்கே கிழங்கு நடுவில் கட்டியாக நிற்கிறது, கோழி நாராகிறது, தேங்காய்ப்பால் திரிந்து போகிறது. வீட்டில் பல் போன மாமியாரும் உறைப்பு சாப்பிடாத இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. நானும் பதுளைப் பக்கமிருந்து இந்த மலைக்கு வந்தவள்தான். வந்த முதல் வருடம் தைப் பனியில் இதே சமையலைச் செய்துவிட்டு, அரைவேக்காட்டுக் கிழங்கை மாமனார் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு எங்கே தவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டது இந்த முறை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏற காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் குறைகிறது. கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், அங்கே 98 பாகைக்கு மேல் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீட்டர். இங்கே 94 பாகையிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் தண்ணீர் சூடாகாது, ஆவியாகி வற்றத்தான் செய்யும். சட்டி கொதிப்பதைப் பார்த்து, அம்மா சொன்ன நேரத்தில் இறக்கினால் கிழங்கு வேகாமல் இருப்பது இதனால்தான். கண்டியில் 20 நிமிடத்தில் வேகும் கிழங்குக்கு என் அடுப்பில் 26, 27 நிமிடம் ஆகிறது. கோழி பாதுகாப்பாக வேக உள்ளே 74 பாகை வந்தால் போதும், ஆகவே கோழிக்கு நம் 94 தாராளம். கிழங்கும் கரட்டும் அப்படியில்லை. அவற்றின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பசை இளக நல்ல சூடு வேண்டும், நேரமும் வேண்டும். ஆக, இந்த உயரத்தில் இறைச்சி முந்திக்கொள்கிறது, மரக்கறி பின்தங்குகிறது. கிழங்கு வேகட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில்தான் கோழி நாராகிறது.

இரண்டாவது காரணம் தக்காளி. வெங்காயத்தோடு தக்காளியையும் சேர்த்து வதக்கி, பிறகு கிழங்கைப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் புளிப்பு, கிழங்கின் அந்தப் பசையை இளகவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். கண்டிச் சூட்டில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே 94 பாகையில் புளிப்பும் சேர்ந்தால், ஒரு மணித்தியாலம் வைத்தாலும் கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்றுதான் இருக்கும். நான் திருத்திக்கொண்டதில் மிகப் பெரிய பலன் தந்தது இந்த ஒன்றுதான்: கிழங்குக்குள் கத்தி இறங்கிய பிறகே தக்காளி, தேசிக்காய், கொறுக்காய்ப் புளி எதுவானாலும். நாளைக்கே இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, கோழிக்கு வருவோம். ஏழு பேருக்கு ஒன்றரைக் கிலோ, எலும்போடு. கடையில் முழுக் கோழியை வெட்டித் தருவார்கள், ஆனால் இந்தச் சமையலுக்குத் தொடையும் காலும் மட்டும் கேட்டு வாங்குவது நல்லது. நெஞ்சுப் பகுதியில் கொழுப்பும் சவ்வும் குறைவு, 15 நிமிடத்துக்கு மேல் கொதித்தால் அது நாராகத்தான் போகும். தொடையில் இருக்கும் சவ்வு மெதுவான சூட்டில் இளகி, குழம்புக்கு ஒரு கொழுமையைத் தரும். கையிலும் உதட்டிலும் ஒட்டுமே, அந்தப் பதம் அதிலிருந்துதான் வருகிறது. முழுக் கோழிதான் கிடைத்தது என்றால் நெஞ்சுத் துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் போடுங்கள். நம் பக்கம் தோலை உரித்துத்தான் விற்கிறார்கள். இரண்டு மூன்று துண்டுகளுக்காவது தோலை விடச் சொல்லுங்கள். அந்தக் கொழுப்பு உருகினால் எண்ணெய் அதிகம் தேவைப்படாது.

உறைந்த கோழி என்றால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். குசினியே ஃபிரிட்ஜ் போலத்தானே இருக்கிறது என்று வெளியில் வைத்துவிடும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. உறைபனி விழும் தை மாதத்திலும் ஆள் நடமாடும் குசினிக்குள் 12, 14 பாகை இருக்கும். கிருமி வளர அது போதும்.

மற்றதெல்லாம் இவ்வளவுதான்: உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, கரட் மூன்று, லீக்ஸ் இரண்டு தண்டு, போஞ்சி ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு ஒரு முழுப் பூடு, இரண்டு விரல் அளவு இஞ்சி, பச்சை மிளகாய் இரண்டு, தக்காளி இரண்டு, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால். தாளிக்கக் கறுவாப்பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் மூன்று, கராம்பு நான்கு, கருவேப்பிலை, ரம்பை. மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி. ஒன்றரை மேசைக்கரண்டி மிளகை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளை இதில் நான் சேர்ப்பதில்லை. பனிக்கு மிளகின் காரம்தான் நெஞ்சுவரை இறங்கும், பிள்ளைகளுக்கும் அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கிழங்கைச் சின்னதாக வெட்டினால் சீக்கிரம் வேகும் என்று தோன்றும். வேகும், ஆனால் ஓரம் கரைந்து குழம்பு மாவாகிவிடும். நடுத்தரக் கிழங்கை இரண்டாக வெட்டினால் போதும். அந்த அளவுத் துண்டும் எலும்போடு உள்ள தொடையும் இந்த உயரத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அரை மணித்தியாலத்தில் பதம் வரும். இரண்டையும் ஒரே கொதியில் கொண்டுபோக முடிவது அதனால்தான். கரட்டைப் பெருவிரல் கனத்துக்கு வெட்டுங்கள். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, அடுக்குகளை விரித்துத் தண்ணீரில் அலச வேண்டும். நம் தோட்டத்து மண் ஒவ்வொரு மடிப்பிலும் ஒளிந்திருக்கும். பச்சைப் பகுதியை எறிந்துவிடாதீர்கள். அதைப் பொடியாக அரிந்து தனியாக வையுங்கள், வெள்ளைப் பகுதி வேறாக இருக்கட்டும்.

கோழியில் இரண்டு தேக்கரண்டி உப்பு, மஞ்சள், மிளகில் பாதி எல்லாம் பிரட்டி அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். மரக்கறி வெட்டி முடிக்கிற நேரம்தான் அது. அதே நேரத்தில் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நம் குழாய்த் தண்ணீர் காலையிலும் மாலையிலும் கையை விறைக்க வைக்கும். அந்தத் தண்ணீரை ஒரு லீற்றர் ஊற்றினால் சட்டி முழுதும் ஆறிவிடும், திரும்பக் கொதி வரவே 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரமெல்லாம் கோழி வெதுவெதுப்பில் கிடந்து சாறு விட்டுக்கொண்டிருக்கும். எந்தக் கட்டத்திலும் கொதிநீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

சட்டி அடி கனமாக, ஆறேழு லீற்றர் கொள்வதாக இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நம் தேங்காய் எண்ணெய் இந்தக் காலத்தில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துதான் கிடக்கும், 24 பாகைக்குக் கீழே போனாலே அது உறையும். கரண்டியால் இரண்டு கரண்டி தோண்டிப் போட்டு, சூடேறியதும் கோழித் துண்டுகளை இரண்டு தடவையாகப் பிரித்து வைத்துச் சிவக்க விடுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம், இடையில் கிண்டாமல். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும், சிவக்காது. உள்ளே வேகத் தேவையில்லை, நிறம் வந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் படிவில்தான் குழம்பின் ருசி முழுவதும் இருக்கிறது, அதைக் கழுவிவிடாதீர்கள்.

அதே எண்ணெயில் கறுவா, ஏலம், கராம்பு, அப்புறம் வெங்காயம், லீக்ஸின் பச்சைப் பகுதி, தட்டிய இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், கருவேப்பிலை, ரம்பை. வெங்காயம் சுருண்டு வரும்போது மல்லித்தூளைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டுங்கள். ஒரு கப் கொதிநீரை ஊற்றி அகப்பையால் அடியைச் சுரண்டினால் அந்தப் படிவு முழுக்கக் கரைந்து வரும். இப்போது கிழங்கு, கரட், அவற்றின் மேல் சிவந்த தொடைத் துண்டுகள், துண்டுகளின் முக்கால் உயரத்துக்குக் கொதிநீர். நான்கு கப் போதும், மரக்கறியும் தண்ணீர் விடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். ஓரத்தில் மெல்லக் குமிழி வந்தால் போதும். பலமாகக் கொதிக்க வைத்தாலும் அதே 94 பாகைதான், கிழங்கு ஒன்றோடொன்று மோதி உடையும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

25 நிமிடத்தில் ஒரு கிழங்கைக் குத்திப் பாருங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கினால் அடுத்த கட்டம். இறங்கவில்லையா, இன்னும் ஐந்து நிமிடம். தொடைக்கு இந்த நேரம் கூடினாலும் கேடில்லை, இளகத்தான் செய்யும். கத்தி இறங்கிய பிறகு தக்காளி, போஞ்சி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி, நெஞ்சுத் துண்டு இருந்தால் அதுவும். மூடி இன்னும் 12, 15 நிமிடம். குழம்பு தண்ணீராக இருந்தால் மாவு எதுவும் கரைத்து ஊற்ற வேண்டாம். இரண்டு கிழங்குத் துண்டைச் சட்டியின் ஓரத்தில் வைத்து அகப்பையால் நசித்துக் கலந்துவிட்டால் தானாகவே தடித்துவிடும்.

மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்து வைக்க வேண்டிய நேரம் இதுதான். மிச்ச மிளகைப் போடும் முன் மூன்று கிண்ணங்களை நிரப்பி, அவற்றில் ஒவ்வொரு கரண்டி தேங்காய்ப்பாலை விடுங்கள். மாமியாருக்குத் தொடை இறைச்சியை எலும்பிலிருந்து உருவி, கிழங்கோடு மசித்துக் கொடுங்கள். தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தால், தனக்காக வேறு வேலை வைத்துவிட்டோமே என்று வயதானவர்கள் மனம் சங்கடப்படும். எல்லோரும் சாப்பிடும் சட்டியிலிருந்தே அவர்களுக்கும் வருவது நல்லது.

தேங்காய்ப்பால் கடைசி ஐந்து நிமிடத்தில். தக்காளி சேர்ந்த கொதிக்கும் குழம்பில் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரியும், உங்களுக்கு நடந்தது அதுதான். தீயை மிகக் குறைத்து, குமிழி அடங்கிய பிறகு, ஒரு கரண்டி சூடான குழம்பைப் பாலில் கலந்து அதை வெதுவெதுப்பாக்கி, பிறகு மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். மூட வேண்டாம், கொதிக்கவும் விட வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பூவைப் பச்சைத் தண்ணீரில் பிழிந்தால் இந்தக் குளிரில் பால் சரியாக இறங்காது, கொழுப்பு பூவிலேயே உறைந்து நின்றுவிடும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் அதே தேங்காயில் இரண்டு மடங்கு பால் வந்தது போல இருக்கும். தாழ்நிலத்திலிருந்து மலையேறி வரும் தேங்காய்க்கு நாம் கொடுக்கும் விலைக்கு அதை வீணாக்கக் கூடாது. பால் சேர்ந்ததும் மிச்ச மிளகைத் தூவி, உப்புப் பார்த்து இறக்குங்கள். மிளகைப் பாதி முதலிலும் பாதி கடைசியிலும் போடுவதற்குக் காரணம், நீண்ட நேரம் வெந்தால் காரம் குழம்பில் இறங்கும், ஆனால் வாசம் ஆவியோடு போய்விடும்.

பாணைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட இது அப்படியே போதும். சோறு இல்லாமல் சாப்பிட்டதாக ஆகாது என்பவர்கள் வீட்டில் இருந்தால், சோற்றையும் இதே சட்டியில் வேகவைக்கலாம், ஆனால் கிழங்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கீரிச் சம்பா இரண்டு கப்பைக் கழுவி அரை மணித்தியாலம் ஊறவைத்து, கோழி 15 நிமிடம் வெந்த பிறகு போடுங்கள். ஒரு கப் அரிசிக்கு இரண்டேகால் கப் கணக்கில் சட்டியில் குழம்பு இருக்க வேண்டும், குறைந்தால் கொதிநீர். தக்காளியை விட்டுவிட்டு, இறக்கிய பின் தேசிக்காய் பிழியலாம். மூடி, மிகச் சின்னத் தீயில் 25 நிமிடம், அடுப்பை அணைத்து இன்னும் 10 நிமிடம், இடையில் திறக்கவோ கிண்டவோ கூடாது. சிவப்பரிசி இதற்குச் சரிவராது. அது வேகும்போது கோழி கரைந்துவிடும்.

குக்கரில் வைக்கலாமா என்றும் கேட்பீர்கள். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நம் உயரத்திலும் 115 பாகைக்கு மேல் சூடு போகும், அதனால் நேரம் மிச்சம். ஆனால் புரொய்லர் கோழிக்கு அது அதிகம், கிழங்கும் குழைந்துவிடும். நாட்டுக்கோழி கிடைத்தால் மட்டும் அதைத் தனியாக உப்பு மஞ்சளோடு குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சட்டிக்கு மாற்றி, கிழங்கைச் சேர்த்து மேலே சொன்னபடி செய்யுங்கள். ஊரில் சேவல் அடித்தால் நான் இப்படித்தான் செய்வேன்.

இந்தச் சமையலை நமக்கு வெளியிலிருந்து வந்ததாக நினைக்காதீர்கள். லீக்ஸும் கரட்டும் வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைக்கு வந்தவைதான். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்டு இங்கிலாந்துப் பயிர்களை நட்டுப் பார்த்தவர். துரைமாரின் பங்களாக் குசினியில் இஸ்டு (ஸ்டூ) வைத்த கோக்கிமார், அதாவது சமையல்காரர்கள், நம் ஆட்கள். அந்தக் கைப்பக்குவம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது மிளகும் ரம்பையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தன. லயத்துக் காம்பராவில் ஒரே அடுப்பு, அதனால் ஒரே சட்டி. என் அம்மாயி கவ்வாத்து மிலாற்றை, அதாவது கத்தரித்த தேயிலைக் குச்சிகளைத்தான் எரிப்பார். மிலாறு சீக்கிரம் பற்றி ஓங்கி எரியும், அந்தத் தீயில் கோழியைச் சிவக்க வைத்துவிட்டு, தடித்த விறகின் தணலுக்குச் சட்டியை இழுத்து வைத்து மெல்ல வேகவிடுவார். அவருக்கு 94 பாகைக் கணக்குத் தெரியாது. தக்காளியைக் கடைசியில் போடு என்று மட்டும் சொல்வார், காரணம் கேட்டால் முன்னால் போட்டால் கிழங்கு முறைச்சுக்கும் என்பார்.

விறகடுப்பு வைத்திருப்பவர்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்: சமைத்து முடிந்த தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு படுக்கும் அறைக்குள் குளிருக்கு வைக்கவே கூடாது. கதவு ஜன்னல் அடைத்த அறையில் தணலிலிருந்து வரும் நச்சுக் காற்று கண்ணுக்குத் தெரியாமல், மணமும் இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வருவார்கள் என்றால், இறக்கிய சட்டியை மூடியோடு தடித்த துணியால் சுற்றி, அதன் மேல் ஒரு சாக்கோ பழைய போர்வையோ போர்த்தி வையுங்கள். நிறைந்த சட்டி ஒன்றரை மணித்தியாலம் வரை நல்ல சூட்டோடு இருக்கும். அதற்கு மேல் யாராவது வருவதாக இருந்தால் திரும்ப அடுப்பில் வையுங்கள். மிச்சத்தை ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் பார்த்தால் மேலே தேங்காய்க் கொழுப்பும் கோழிக் கொழுப்பும் வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும், கீழே குழம்பு கூழ் போலக் கெட்டியாக இருக்கும். கெட்டுப்போனதென்று பயப்பட வேண்டாம், எலும்பும் சவ்வும் நன்றாக இளகியிருப்பதன் அடையாளம் அது. அரைக் கப் கொதிநீர் விட்டு, சின்னத் தீயில் கிண்டி நன்றாகச் சூடேற்றி, சுடச்சுடத் தேங்காய் ரொட்டியோடு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதல் நாள் இரவை விட அன்று காலையில்தான் மிளகு கிழங்குக்குள் சரியாகச் சேர்ந்திருக்கும்.